வேற பாருங்கண்ணா

"வேணாம்ணா. வேற எதுனா பாருங்க."

நேற்றுச் சொன்னதையே இன்றைக்கும் சொன்னான் ரூபேஷ். சொல்லிவிட்டு ரயில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பக்கத்து சீட்டில் இருந்த வாசு போனில் மணி பார்த்தார். மகள் மமதாவுக்கு எந்தப் படிப்பு என்று இன்றைக்குள் ஆன்லைனில் போட்டாக வேண்டும். அவள் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கம்ப்யூட்டரும் உண்டு, நிர்வாகமும் உண்டு. பேங்க்கோ ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் ஆள் தேவைப்படும் என்று காலேஜ்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

சொல்வதற்கென்ன? வாலிப வயதில் வாசு தங்கச் சுரங்கத்தில் ஆட்களின் கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜின் ஓட்டப் பழகியபோதும் இப்படித்தான் சொன்னார்கள். "ஆளுங்கள இறக்க கேஜ் ஓடற வரைக்கும் உன்னை யாரும் அசைக்க முடியாதுடா." அவர் பழகி முடித்த கையோடு சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து பெங்களூரு குடோன் வேலைதான், விடிகாலை ரயில்தான்.

மகளும் அப்படி ஒன்றில் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த ஒரே ஆள் ரூபேஷ். அதே படிப்பைப் படித்துவிட்டு பெங்களூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவன்.

ரயில் கிளம்பும் மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர்கள் அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் ஏறும் சிநேகிதர்களுக்கு இடம் பிடித்து வைப்பது அந்த ரயிலில் வழக்கம். கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறும் வாசுவுக்கு ரூபேஷ்தான் பக்கத்தில் பையை வைத்து இடம் பிடிப்பான். யார் முறைத்தாலும் எடுக்க மாட்டான்.

"ஏன் வேணாம், அதயாவது சொல்லேம்ப்பா."

"சொன்னா கேளுங்கண்ணா. பி.காம். போடுங்க. நர்சிங் போடுங்க."

"ஊசியைப் பாத்தாலே மயக்கம் போட்டுடுவா அவ. நீயும் அதத்தானே படிச்சே? நல்லாத்தானே கீற?"

ரூபேஷ் இஸ்திரி கலையாத சட்டையின் கையை இன்னும் ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டான்.

பங்காருப்பேட்டையில் டீ வாங்க அவன் இறங்கியதும் எதிர் சீட்டு பாபு முன்னால் குனிந்தான். ரூபேஷ் வீட்டுக்கு எதிர் வீடு அவனுக்கு.

"இன்னாண்ணா, போயும் போயும் அவன்கிட்ட கேட்டுகினு கீறீங்க. அவன் தங்கச்சி இன்னா படிக்குது தெரியுமா?"

"இன்னா?"

"இதே இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்தான். போன வருஷம் இவனே கூட்டிம்போய் சேத்தான். தெருவுக்கே லட்டு குடுத்தான். நானே ரெண்டு தின்னேன்."

"நெசமாவா?"

"பின்ன? ஊரான் பொண்ணுன்னா வேணாம். தன் வீட்டுப் பொண்ணுன்னா லட்டு."

ரூபேஷ் இரண்டு டீயோடு ஏறி வந்தான். ஒன்றை நீட்டினான். வாசு வாங்கவில்லை. எழுந்து போய்க் கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிடித்து வைத்த இடத்தை விட்டு ஒருவர் எழுந்து நிற்பது அந்த ரயிலில் கன்னத்தில் அறைகிற மாதிரி. பெட்டியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னாண்ணா ஆச்சு? வாங்க, ஒக்காருங்க" என்றான் ரூபேஷ்.

"பரவால்லப்பா. நின்னே பழக்கம் எங்களுக்கு."

போன் அடித்தது. மமதா.

"அப்பா, இப்பத்தான் சர்வர் ஃப்ரீயா கீது. கொஞ்ச நேரம் போனா மறுபடி மாட்டிக்கும். எதப் போடட்டும்?"

நேற்று வரை அந்தக் கேள்விக்கு "நாளைக்குச் சொல்றேம்மா" என்றே தள்ளிப்போட்டார் வாசு. இன்றைக்குக் கோபம் வந்து அவருக்குத் தைரியம் கொடுத்தது. பெட்டிக்கே கேட்கும்படி சொன்னார்:

"நீ ஆசப்பட்டதையே போடும்மா! இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸே போடு. நாம மேல வர்றது சில பேருக்குப் பொறுக்காது. அதுக்குன்னு நாம பயப்பட முடியுமா?"

ரூபேஷ் எழுந்து ஓடி வந்து அவர் தோளைப் பிடித்தான். கையிலிருந்த டீ அவன் சட்டையிலேயே சிந்தியது.

"அண்ணா, அவசரப்படாதீங்க! ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லுங்க அவள!"

"கைய எடுறா."

"அண்ணா, சொன்னா கேளுங்க..."

"இன்னாத்த கேக்கறது? உன் தங்கச்சிய அதுலதானே கொண்டும்போய் சேத்தே? அப்ப மட்டும் இனிச்சுதா அந்தப் படிப்பு? எம் பொண்ணுன்னா கசக்குதா?"

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள்.

ரூபேஷ் திரும்பிப் பாபுவைப் பார்த்தான். பாபுவின் காதில் விழுந்தது எதுவும் அன்றைக்கே தெருவுக்குப் போய்விடும் என்பது அந்தப் பெட்டியில் எல்லாருக்கும் தெரியும்.

"அப்பா, இருக்கீங்களா? போட்டுடவா?" என்றது போனில் மமதாவின் குரல்.

ரூபேஷ் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

"அவளச் சேக்கறப்ப எனக்கு வேலை இருந்திச்சிண்ணா."