பூட்டு வாத்தியார்

"கேஸை அணைச்சீங்களா சார்? கதவைப் பூட்டினீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

வாத்தியாருக்கு வியர்த்தது. நாற்காலியை விட்டு எழத் துடித்தார். கேட்டவள் விடவில்லை. "திறந்து கிடந்தா யார் வேணா உள்ள போகலாமே சார்" என்று எரிகிறதில் எண்ணெய் ஊற்றினாள்.

அவளைத் திட்டாதீர்கள். அவள் ஆஸ்பத்திரி டெக்னீஷியன், வேலையே அதுதான். முதலில் பயத்தைக் கிளப்பிவிட வேண்டும், கிளம்பிய பிறகுதான் தலையில் காந்தத் தொப்பி. இன்னும் சோதனையில் இருக்கிற சிகிச்சை, சில வாரமாக நடக்கிறது.

பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயரே பூட்டு வாத்தியார். தெருமுனை வரை போவார், ஓடி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார், மறுபடி போவார், மறுபடி வருவார்.

"நீங்க அந்தப் பூட்டோடயே குடும்பம் நடத்துங்க. அதைத் திரும்பிப் பார்க்காம இருக்க முடிஞ்சா சொல்லுங்க, வரேன்" என்று மனைவி தன் சாவியோடு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பாவி மனுஷன், அன்றும் அவள் போவதைப் பார்க்காமல் பூட்டைத்தான் பார்த்தார்.

இன்று கடைசி நாள். எழாமல் உட்கார்ந்துவிட்டால் அவளைக் கூப்பிடலாம்.

காந்தத்துக்கு ஆகாதென்று சாவியோடு வெளியே தட்டில் வைத்திருந்த அவர் போன் விடாமல் அடித்தது. "யாருன்னு பாருங்கம்மா" என்றார். டெக்னீஷியன் போய்ப் பேசிவிட்டு வந்தாள். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"பக்கத்து வீட்டம்மா சார். உங்க வீட்டுக் கதவு திறந்து கிடக்குதாம். வாசல்ல ஒரு ஜோடி செருப்பு வேற இருக்குதாம்."

வாத்தியாரின் கால்கள் தானாகத் தரையைத் தேடின. அப்புறம் சிரித்துவிட்டார்.

"எந்தத் திருடன்மா செருப்பைக் கழட்டி வச்சுட்டு உள்ள போவான்? கதை விடறதையும் கொஞ்சம் பொருத்தமா விடணும். தொப்பியைப் போடுங்க."

தொப்பி டக் டக்கென்று மண்டையைத் தட்டியது, யாரோ கதவைத் தட்டுவதுபோல. கை பரபரத்தது. ஓடிப் போய் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று மனசு கெஞ்சியது. அவர் எழவில்லை. சத்தம் நின்றபோது பரபரப்பும் அடங்கியிருந்தது.

"உட்கார்ந்துட்டேன்மா" என்றார். கண் கலங்கியது. "போனைக் குடுங்க, முதல்ல அவகிட்ட சொல்லணும்."

டெக்னீஷியன் போனைத் தரவில்லை. சாவியை மட்டும் எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"போன் எதுக்கு சார், வீட்டுக்கு ஓடுங்க. அந்தச் செருப்பு உங்க வீட்டம்மாவோடதுதான்."