வெல்டிங் மிஷினுக்கு ஒரு வண்டி

சின்ன வெல்டிங் மிஷினை வைத்துத் தள்ள ஒரு வண்டி செய்யலாம் என்று வெல்டர் உட்கார்ந்ததுமே மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். பட்டறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவள்.

"ஏங்க, சக்கரம் பெருசா போடுங்க. படி இறங்கணும்ல."

"பட்டறைக்குள்ள ஏதுடி படி?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கைப்பிடியையும் ஒரு சாண் உசத்துங்க. குனிஞ்சு தள்ளினா முதுகு பிடிச்சுக்கும்."

தன் முதுகின் மேல் இவ்வளவு அக்கறையா என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. சொன்னபடியே பற்றவைத்தார். கேபிளைச் சுற்றி மாட்ட ஒரு கொக்கி வைத்ததும் அவள் யோசனைதான்.

முடித்துத் தள்ளிப் பார்த்தபோது கைப்பிடி அவர் நெஞ்சில் இடித்தது.

"உயரம் ஜாஸ்தியாயிடுச்சே."

"அளவு சரியாத்தான் இருக்கு" என்றவள், வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "தம்பி, உள்ள வாடா."

நெடுநெடுவென்று வளர்ந்த மச்சினன் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். கைப்பிடி அவன் இடுப்புக்குக் கச்சிதமாக நின்றது.

"மிஷினை எப்பக் கேட்டாலும், 'குடுக்கறதுக்கென்ன, இந்தக் கனத்தை எப்படித் தூக்கிட்டுப் போவே'ன்னு வருத்தப்படுவீங்களே மாமா. இனி அந்தக் கவலை விட்டுது."

பெரிய சக்கரங்கள் வாசற்படியில் அலுங்காமல் இறங்கின.