ஆடி வரை உறக்கம்

மறுபடியும் என்னை யாரோ போலப் பார்த்தால்? இந்த நினைப்பு காலையிலிருந்து பூரணியை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. சித்திரை பிறந்ததும் வெயிலுக்குத் தப்ப நாய்களைக் குளிர்பெட்டியில் உறங்க வைத்து, ஆடிக் காற்றில் எழுப்புவது வேலூரில் இப்போது வழக்கமாகிவிட்டது. போன வருடம் எழுந்தபோது அவளுடைய இரண்டு நாய்களில் மிளகு அவளைப் பார்த்து உறுமியது. ஜாங்கிரி கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டது. இரண்டும் பழையபடி அவளிடம் வாலாட்டக் கார்த்திகை ஆகிவிட்டது.

வாசலில் குளிர்பெட்டி வண்டி வந்து நின்றது.

"தெருவுலயே நம்ம வீடு மட்டும்தான் இன்னும் குரைக்குதாம். ரெண்டையும் கூட்டிட்டு வா, பூரணி," என்றான் கணவன் தணிகைவேல்.

மின்விசிறி அனலை வாரி இறைத்தது. ஈரத்துண்டுகளின்மேல் நாய்கள் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தன. எனக்காகத்தான் இவற்றை வேகவிடுகிறேனோ என்று அவளுக்குச் சுருக்கென்றது. வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். மிளகு தள்ளாடி எழுந்து பின்னாலேயே வந்தது.

"தூங்கிட்டா அதுங்களுக்கு நிம்மதிடி."

"இருக்கலாம்," என்றாள்.

துண்டுகளை நனைத்துப் பிழிந்து விரித்தாள்.

"வண்டிய அனுப்பிடுங்க."

பிறகு இரண்டு நாய்களுக்கும் நடுவே, சுடும் தரையில் உட்கார்ந்தாள்.