கை படாமல்

சுத்தம் சுத்தம் என்று அலைவதால் எங்கள் தெருவே சோப்பக்கா என்று கூப்பிடும் அக்கா, சூப்பர் மார்க்கெட் மேலாளரைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பிஸ்கட் பார்ப்பதுபோல் பக்கத்தில் போய் நின்றேன்.

"இங்க வந்துட்டுப் போனாலே எங்க வீட்டுக்காரருக்கு வயித்தால போகுது. தள்ளுவண்டிக் கைப்பிடி பூரா கிருமி!"

மேலாளர் வண்டி துடைக்கும் பெண்ணை முறைத்தார். "நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேணாம்."

"ஒவ்வொருத்தரும் வண்டியை விட்டதும் தொடைக்கிறேனே சார்!" அவள் கண் கலங்கி, பக்கத்தில் நின்ற அக்காவின் புருஷனிடம் திரும்பினாள். "அண்ணா, நீங்க எதைத் தொட்டீங்க?"

"இவ எங்க என்னைத் தொட விடறா? வண்டி, ஃப்ரிட்ஜ் கதவு, காசு எல்லாம் அவதான், கிளவுஸ் போட்டுக்கிட்டு. வெளியில வந்ததும் அதே கிளவுஸோட எனக்குத் திராட்சை ஊட்டிவிடுவா."

மேலாளர் பெண்ணிடம் மெதுவாக, "நீ போய் வேலையைப் பாரும்மா" என்றார்.

அக்காவுக்கு வந்ததே கோபம்!

"பின்ன, வெறுங்கையாலயா ஊட்டுவாங்க?"