கணினி தின்ற ஜாதகம்

"கம்ப்யூட்டரே இந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லுதுலா! இதுக்கு மேல என்ன சகுனம் வேணும் அண்ணே?"

ஞானாம்பிகை போட்ட சத்தம் பினாங்கு வீதி முழுக்கக் கேட்டது.

"டிஸ்க் கோளாறுக்குப் பொண்ணு என்ன செய்வா அக்கா? தங்கமான பொண்ணு!" ஜாதக நிலையம் நடத்தும் விநாசித்தம்பியும் விடவில்லை.

"என் மகன் ஜாதகம் மட்டும் ஏறுச்சே? இவ படிச்சவளாம், வேலைக்குப் போறவளாம். என் வீட்டுக்கு வந்தா வேலைய விட்டுட்டு அடுப்படியிலதான் நிக்கணும், சொல்லிட்டேன்!"

கணினி முன்னால் புஷ்பராணி உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் ஜாதகம் வட்டிலிருந்து நகலாகாமல் பாதியில் நின்றிருந்தது. விட்டுவிடவா, மறுபடி முயலவா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவ பாரு பிள்ளை," என்று விநாசித்தம்பி கெஞ்சினார்.

அவளுக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வட்டின் பிழையைத் திருத்தும் கட்டளையைத் தட்டி, மறுபடி நகலெடுத்தாள். ஜாதகம் ஒழுங்காக வந்து இறங்கியது. யாரும் எட்டிப் பார்க்குமுன் திரையைத் துடைக்கும் கட்டளையையும் தட்டினாள்.

"போச்சு ஆன்ட்டி. இனி வராது."

"நான் சொல்லலே?" என்று ஞானாம்பிகை வெற்றியோடு கிளம்பினாள்.

அவள் மகன் அடுத்த தையில் பாகான் டாலாமில் பெண் எடுத்தான். "என் மக ஜாதகத்தைக் கம்ப்யூட்டர் தின்னுருச்சு," என்று விநாசித்தம்பி ஊரெல்லாம் புலம்பினார். அந்த மகள் புஷ்பராணியோ, அதற்குள் சிங்கப்பூருக்குக் கணினி வேலைக்குப் போய்விட்டாள்.