இரண்டு சாவியும் ஏழு தட்டும்

“ஆயிரத்து முன்னூத்தி நாப்பத்தேழு ரூவா, அம்பது பைசா மொதலாளி.”

வேல்சாமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு பேல் மூட்டை ஏற்றி இறக்கிய கூலி பாக்கி அது. அவன் பெண்டாட்டி இசக்கியம்மாளின் தையல் மெஷின் ஸ்ரீவில்லிபுத்தூர் அடகுக்கடையில் கிடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் மீட்காவிட்டால் விற்றுவிடுவார்கள்.

“எம்புட்டா இருந்தா என்னலே? பொறவு பாப்போம்” என்றார் முதலாளி பொன்னுராஜ். வரவேண்டிய பாக்கி என்றால் பத்து வருசத்துக்கு முந்தையதும் அவருக்கு நினைவிருக்கும். கொடுக்க வேண்டியது மட்டும் காதில் விழுந்த கையோடு மறந்துபோகும்.

தொண்ணூற்றெட்டாம் வருசம். அவர் மேசையில் புதுக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. அதை ஓட்டிக் காட்ட சேக் முகைதீன் வந்திருந்தான். சிங்கப்பூர் வியாபாரி, இனி விலை பேசுவதெல்லாம் பூட்டிய ஈமெயிலில்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

“அண்ணாச்சி, இது ரெண்டு சாவி போடும். ஒண்ணு பொதுச் சாவி. அத ஊருக்கே குடுக்கலாம். பூட்ட மட்டுந்தான் ஆவும், பூட்டுனவனாலயே திரும்பத் தொறக்க முடியாது. தொறக்குறது இன்னொண்ணு, ரகசியச் சாவி. அது இந்தப் பெட்டிய விட்டு வெளிய போவாது.”

“நல்லாத்தான் இருக்கு. போடு.”

“அது பொறக்கணும்னா மனசு போன போக்குல கீபோர்டு கட்டையத் தட்டணும். போதும்னா அதுவே கூவும்.”

பொன்னுராஜ் ஒற்றை விரலால் நாலு தட்டுத் தட்டினார். சலித்துவிட்டது. “இதெல்லாம் கூலியாள் வேலையில்லா? ஏலே வேலு, சும்மாதான நிக்கே? வந்து தட்டு.”

“இதுக்குக் கூலி, மொதலாளி?”

“பொறவு பாப்போம்!”

பேலை மிதித்து இறுக்குகிற வேகத்தில் வேல்சாமி பத்து விரலாலும் மொத்தினான். கம்ப்யூட்டர் பயந்ததுபோல் கூவியது.

“சோடிச் சாவி பொறந்துட்டு” என்றான் சேக் முகைதீன். “இனி ரகசியச் சாவிக்கு ஒரு பாஸ்வேர்டு வைக்கணும். அது இல்லாம சாவி திரும்பாது.”

பொன்னுராஜின் முகம் சுருங்கியது. கம்பெனியில் பாதிப் பங்கு மைத்துனர் வைகுண்டராஜுக்கு. சிங்கப்பூரில் பேசுகிற விலை அவருக்குத் தெரியக் கூடாது. எதற்கெடுத்தாலும் சூடத்தை ஏற்றி வைத்து, அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்கிற ஆள் அவர்.

“பாஸ்வேர்டு என்னன்னு கேப்பான்யா. தெரிஞ்சுக்கிட்டே தெரியாதுன்னு சூடத்த அணைக்க முடியுமா? எனக்குத் தெரியாமலே இருக்கட்டும். ஏலே வேலு, நீயே வையி. எந்தக் காலத்துலயும் எனக்கு ஞாபகமே வராததாப் பாத்து வையி. லோடுமேன்ட்ட எவன் வந்து கேக்கப்போறான்?”

“எனக்கு இங்கிலீசு தெரியாதே மொதலாளி.”

“தெரிஞ்சதத் தட்டுங்க, போதும்” என்றான் சேக் முகைதீன்.

இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். வேல்சாமி சற்று யோசித்தான். பிறகு டக், டக் என்று ஏழு தட்டு. உறுதி செய்ய இன்னொரு தடவை கேட்டது கம்ப்யூட்டர். இன்னொரு ஏழு தட்டு. பொதுச் சாவி அன்றைக்கே சிங்கப்பூருக்குப் போய்விட்டது.

மறுநாளும் காலையில் வேல்சாமி வாசலில் நின்று பாக்கியைச் சொன்னான். அதற்கு மறுநாளும் சொன்னான். பொன்னுராஜ் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. பூட்டிய ஈமெயில் வந்துவிட்டது. நாலு மணிக்குள் பதில் கிடைக்காவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு என்று சிங்கப்பூரிலிருந்து போனும் வந்தது. வேல்சாமி அடகுக்கடைக்குப் போயிருக்கிறான் என்று மற்ற லோடுமேன்கள் சொன்னார்கள். பொன்னுராஜ் சேக் முகைதீனையும் ஏற்றிக்கொண்டு காரை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விரட்டினார்.

தையல் மெஷின் கடை வாசலுக்கே வந்துவிட்டிருந்தது. யாரோ ஒருவர் அதன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து விலை கேட்டுக்கொண்டிருந்தார். வேல்சாமியும் இசக்கியம்மாளும் ஆளுக்கொரு பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“பாஸ்வேர்டச் சொல்லுலே, சீக்கிரம்!”

“அதுவா மொதலாளி...” என்று வேல்சாமி வாயைத் திறந்தான்.

“நீரு செத்த நேரம் சும்மா இரும்” என்று இசக்கியம்மாள் குறுக்கே வந்தாள். “தொண்டத் தண்ணி வத்த ஒங்க வாசல்ல கேட்டுக் கேட்டு நின்னாரே, அப்ப காது கேக்கலியோ? கூலிய வைங்க. பொறவு எங்க வீட்டுக்காரரு பேசுவாரு.”

“இல்லட்டி, அது வந்து...”

“சும்மா இரும்ங்கேன்!”

பொன்னுராஜ் மணியைப் பார்த்தார். மூன்றேகால். முனகிக்கொண்டே சட்டைப் பைக்குள் கைவிட்டார். “எம்புட்டுலே அது?”

“ஆயிரத்து முன்னூத்தி நாப்பத்தேழு ரூவா, அம்பது பைசா.”

எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்தார். ரூபாய் சரியாக இருந்தது, ஐம்பது பைசா இல்லை. இசக்கியம்மாள் நீட்டிய கையை மடக்கவில்லை. சேக் முகைதீன் தன் பையைத் துழாவி அதையும் வைத்தான். பணம் கடைக்காரர் கைக்குப் போனது, அடகுச் சீட்டு கிழிந்தது, மெஷின் அவள் பக்கம் நகர்ந்தது.

“பாக்கி தீந்துட்டுல்லா? இப்பவாவது சொல்லித் தொல!”

வேல்சாமி தலையைச் சொறிந்தான்.

“ஒங்களுக்கு ஞாபகமே வராததா வைக்கச் சொன்னிய. இப்ப எண்ணிக் குடுத்தியளே மொதலாளி, அந்தத் தொகதான், பைசாப் புள்ளியோட!”