வலிக்காத தோள்

பிறந்து நாலு மணி நேரம்தான் ஆகியிருந்தது. குழந்தை தாயின் பக்கத்தில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது.

எமல்டா சிஸ்டர் இரண்டு சிரிஞ்சுகளோடு வந்தாள். ஒன்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிற ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. மற்றது, தாயின் ரத்தத்தில் அந்தக் கிருமி இருந்தால் மட்டும் கூடுதலாகப் போடுவது.

பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இரண்டும் உள்ளே போய்விட வேண்டும்.

படுத்திருந்த தாய்க்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அவளும் இதே வார்டில் ஆறு வருடமாக நர்ஸ். எத்தனையோ பிஞ்சுத் தொடைகளில் அவளே குத்தியிருக்கிறாள். குத்திவிட்டு, அந்தப் பிள்ளையைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள்.

ஆமாம், பச்சைப் பிள்ளையைப் பார்த்துத்தான்.

அவள் பிறந்த அன்று இதில் ஒன்றுகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. கிருமி இருந்தது அவள் அம்மாவுக்கே தெரியாது. பெற்றபோதே அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

நர்சிங் காலேஜில் முதல் வருடம் எல்லோருக்கும் மூன்று ஊசி. இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. அதற்கு முன் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மேடம் அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். ஏற்கெனவே வந்தாயிற்று, இனி ஊசி போட்டுப் பயனில்லை என்றார்.

முதல் ஊசி போட்ட அன்று சாயங்காலம் ஹாஸ்டலே தோளைப் பிடித்துக்கொண்டு முனகியது. கையைத் தூக்க முடியவில்லை என்றாள் ஒருத்தி. துணி பிழிய முடியவில்லை என்றாள் இன்னொருத்தி.

அவளும் தோளைத் தேய்த்துக்கொண்டாள். தனக்கும் வலி உயிர் போகிறது என்றாள்.

மூன்று முறையும் தேய்த்தாள். மூன்று முறையும் அவர்கள் முனகலைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது சொந்த மகள்.

இவளைப் பார்த்தும் அந்த வயிற்றெரிச்சல் வந்துவிடுமோ என்று மாதக்கணக்கில் பயந்துகொண்டிருந்தாள். வந்தது. வெட்கமே இல்லாமல் வந்தது. இவளுக்கு மட்டும் நாலே மணி நேரத்தில் கிடைத்துவிட்டதே!

எமல்டா இடது தொடையில் ஒன்று போட்டாள். வலது தொடையில் மற்றது. கார்டில் தேதி எழுதினாள். அடுத்தது ஆறாவது வாரம், பிறகு பத்து, பிறகு பதினாலு. எதையும் விட்டுவிடக் கூடாது. எல்லாம் முடிந்து, ஒன்பது மாதமானதும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கிருமி தொற்றியதா இல்லையா என்று அப்போதுதான் தெரியும்.

குழந்தை ஒரு நொடி மூச்சைப் பிடித்தது. பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டது.

"பாலைக் குடு, அடங்கிரும்," என்றாள் எமல்டா.

அவள் மகளை வாரி எடுத்து மார்போடு அணைத்தாள். உடனே பால் கொடுக்கவில்லை. அந்த அழுகையைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அழு மக்கா," என்றாள். "ஒனக்கு நெசமாவே வலிக்கு."